உசுருக் குச்சி

பஸ்ஸில் எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் சுகிர்தாவின் கண் முதலில் அவர்கள் காதோரத்துக்குத்தான் போகும். முடி எங்கே முடிகிறது, ஜன்னல் வெளிச்சம் எங்கே தொடங்குகிறது, இந்த ஓரத்தை வெட்டியெடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனசு தானாக யோசிக்க ஆரம்பித்துவிடும். வேலை கொடுத்த வியாதி. உத்திரமேரூர் பஜார் தெருவில் வாணன் டிஜிட்டல்ஸ் என்கிற ஃப்ளெக்ஸ் கடையில், மனிதர்களின் முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அவள் வேலை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், அப்புறம் சாவு.

அவள் படித்தது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பெருமாள் கரும்பு வெட்டுக்குப் போகிறவர். கட்டு கட்டித் தலையில் வைத்தபடியே பக்கத்து ஆளிடம், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல கீது" என்பார். அது பொய்யில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லும் தோரணையில் கண்ணாடிக் கட்டடமும் கழுத்தில் தொங்கும் அட்டையும் தெரியும். சுகிர்தா அதைத் திருத்தவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

கடைக்காரர் தமிழ்வாணன் நல்ல மனுஷன், வாய்தான் நிற்காது. அவருடைய சொத்து முழுக்க அந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பிரிண்டருக்கு உத்தரவு போடுவதும் அதுதான், டிசைன் செய்வதும் அதுதான். அதற்குள் 'முகம்' என்று ஒரு ஃபோல்டர். ஊர் வாரியாகப் பிரித்து, இத்தனை வருஷமாக வெட்டியெடுத்த முகங்களையெல்லாம் சேர்த்துவைத்திருந்தார்கள். மகள் கல்யாணப் பேனருக்காக ஒரு தடவை வெட்டிய தகப்பன் முகம், பேரன் காதுகுத்துக்கு வரும், மச்சான் கடைத் திறப்புக்கு வரும், கடைசியில் கண்ணீர் அஞ்சலிக்கும் அதே முகம்தான் வரும். சாவு வீட்டிலிருந்து ஓடிவருகிறவர்களிடம் நல்ல போட்டோ இருக்காது. பெயரும் ஊரும் சொன்னால் போதும், திரையில் ஆள் வந்துவிடுவார். "இந்த ஏரியா மொத்தமும் என் டப்பாக்குள்ள கீதுமா" என்பது வாணனின் பெருமை.

சுகிர்தாவுக்கு அந்த ஃபோல்டரைத் திறந்தாலே என்னவோ செய்யும். கல்யாண மாப்பிள்ளையின் தோளை வழவழப்பாக்கிக்கொண்டிருக்கும்போதே, இது ஒருநாள் மாலை போட்ட சட்டத்துக்குள் போகும் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடும். இதற்கா படித்தோம் என்று தோன்றும். இதுவும் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலைதானே என்றும் தோன்றும். இரண்டில் எது நிஜமான நினைப்பு என்று அவளுக்கே பிடிபடவில்லை.

போன வருஷம் ஆயுதபூஜைக்குக் கொஞ்சம் முன்னால், தெருக்கோடி ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் போச்சு. வாணனுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. "சுகி, நம்ம மிஷினு படுத்துக்கிச்சுன்னா இன்னா பண்றது?" என்றார்.

படிப்பு ஒரு வேலைக்கு ஆனது என்று அவளுக்கு அன்று உற்சாகம். ஒரு பென் டிரைவ் வாங்கி, அதை மீட்பு டிரைவாக மாற்றினாள். கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கிலிருந்து எழுந்திருக்க முடியாமல் போனால், இதைச் செருகி இதிலிருந்து எழுப்பலாம். கூடவே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில், கம்ப்யூட்டர் அன்றைக்கு இருந்த இருப்பை அப்படியே முழுப் படமாகப் பிடித்து வைத்தாள். செத்தால் பென் டிரைவால் எழுப்பி, ஹார்டு டிஸ்க்கிலிருந்து பழைய உடம்பைத் திருப்பிக் கொடுக்கலாம். இவ்வளவையும் அவள் விளக்கியபோது வாணனுக்கு ஒன்று மட்டும்தான் உள்ளே இறங்கியது.

"அப்போ இது உசுருக் குச்சி!"

ஹார்டு டிஸ்க்கை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய், மனைவி கீதாவின் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். அப்படிப் பத்திரமாகப் போன பொருள் அப்புறம் கடைப் பக்கமே வரவில்லை. மாதா மாதம் புதுப்படம் பிடிக்க வேண்டும் என்று சுகிர்தா கேட்பாள். "நாளைக்கு எடுத்தாறேன்" என்பார். உசுருக் குச்சி மட்டும் கடையிலேயே தங்கியது. ஆயுதபூஜை அன்று பிரிண்டர், கட்டிங் கத்தி, பேனர் ஓரத்தில் ஐலெட் வளையம் அடிக்கும் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த வாணன், பொரிகடலைத் தட்டுக்கு முன்னால் குச்சியையும் வைத்து அதற்கும் கட்டைவிரலால் சந்தனம் குழைத்து அப்பினார். மறுநாள் டிராயருக்குப் போக வேண்டியது, சாமி படத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குப் பொட்டு வைக்கும் கை, அதற்கும் சேர்த்து வைத்தது. சுகிர்தா அதை ஒவ்வொரு வாரமும் பார்த்தாள். மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

மாசி மாதத்தில் சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத்துக்கு அழைத்தார்கள். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. ஓரிக்கை தாண்டும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், பதில்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி. நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். பேக்கப் எடுத்த அனுபவம் உண்டா என்றதும் சுகிர்தா பூரித்துப்போய்க் கடைக் கதை முழுவதையும் சொன்னாள்.

"நல்லது. அந்த டிரைவ்ல இருந்து ஒரு தடவையாவது சிஸ்டத்தை எழுப்பிப் பாத்திருக்கீங்களா?"

"இன்னும் தேவைப்படல மேடம்."

அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். முகத்தில் ஏளனம்கூட இல்லை. அதுதான் சுகிர்தாவைக் குடைந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. பட்டம் வாங்கி உறையில் போட்டு வைத்திருக்கிறோம், அதையாவது எழுப்பிப் பார்த்திருக்கிறோமா? கம்பெனி அப்புறம் கூப்பிடவில்லை.

மறுநாளே வாணனிடம் கேட்டாள். "ண்ணா, அந்தக் குச்சிய ஒரு வாட்டி போட்டுப் பாத்துடலாமா?"

"மிஷினு நல்லாதான கீது?"

"நல்லா கீறப்பவே பாக்கணும்ணா. அப்பதான் கெட்டா ஒதவும்."

வாணன் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "இன்னாமா பேசுற நீ? ஆளு உசுரோட நாஷ்டா துன்னுக்கினு கீறப்போ கண்ணீர் அஞ்சலி அடிச்சிப் பாக்கலாம்னு சொல்ற மாதிரி கீது. வாயக் கழுவு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு விஷயமும் போய்விட்டது.

*

வைகாசியில், காற்றே இல்லாத ஒரு காலையில் அம்முலு இறந்துபோனாள்.

அம்முலு சுகிர்தாவின் தெருக்காரி, இரண்டு வீடு தள்ளி. நடவு, களை, ஏரி வேலை என்று எது கிடைத்தாலும் போகிறவள். சுகிர்தாவுக்கு முறைக்கு அத்தை. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லாததால், சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். தை மாதம் அவள் மகன் வீராசாமிக்குக் கல்யாணம். பேனருக்கு எல்லோரும் போட்டோ கொடுத்தார்கள், அம்முலு மட்டும் பிடிகொடுக்கவில்லை. "எம்மூஞ்சி எதுக்குடி நடுரோட்ல?" என்றாள். சுகிர்தா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஆடு ஒன்று பின்னாலிருந்து வந்து கல்யாணப் பத்திரிகைக் கட்டில் வாய் வைத்தது. அம்முலு அதைத் துரத்த முந்தானையை உதறி எழுந்தாள், கைக்குப் பத்திரிகை கிடைத்தது, ஆட்டின் வாயில் மாப்பிள்ளை பெயர் பாதி இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வாயை மூட முந்தானை கையில் இல்லை. அந்த நொடியில் எடுத்த போட்டோ அது.

அந்த ஒரு முகத்துக்குச் சுகிர்தா ஒரு பிற்பகல் முழுக்கச் செலவழித்தாள். நெற்றியில் பறந்த முடியைக்கூட வெட்டாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். "பல்ல வெச்சுடு சுகி" என்றார் வாணன். அவள் வைக்கவில்லை. பேனர் கட்டிய அன்று அம்முலு அதன் எதிரே நின்று, "அடிப்பாவி, பல்லு வெக்காமயே உட்டுட்டியே" என்று முந்தானைக்குள் சிரித்தாள். போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் பார்த்தாள். சுகிர்தா செய்த வேலையை யாரும் அப்படித் திரும்பி வந்து பார்த்ததில்லை.

அன்று காலை சுகிர்தா கடைக்கு வந்து சேரும்போதே சேதி பின்னால் வந்துவிட்டது. வீராசாமி வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். அழவில்லை. குரல் மட்டும் வேறு யாருடையதோ போலிருந்தது.

"அம்மா பூட்ச்சி சுகி. டீ குடிச்சிக்கினே இருந்துச்சி, நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிடுச்சி. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறாங்க. அந்தச் சிரிக்கிற மூஞ்சி வெச்சி அடிச்சிக் குடு."

சுகிர்தா கம்ப்யூட்டரைத் தட்டினாள். முந்தின ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்திருந்தது. திரையில் நீலம் வந்தது, எதையோ சரி செய்து பார்ப்பதாகச் சொன்னது, முடியவில்லை என்றது, அணைந்தது, மறுபடி நீலம் வந்தது. நாலைந்து தரம் இதையே செய்தது.

வாணன் பின்னால் வந்து நின்றார். "இன்னாச்சு?"

"எழுந்திருக்க மாட்டேங்குதுணா."

அவர் முகம் வெளுத்தது. சாவு சேதியைவிட இதுதான் அவரை அடித்தது என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. உடனே, தனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்ததோ என்று உறுத்தியது.

"போன்ல இல்லியா அந்த போட்டோ?" என்றான் வீராசாமி.

"மெமரி ஃபுல்லுனு அப்பவே அழிச்சிட்டேன். உன் வூட்ல கல்யாணப் பேனரு கீதா?"

"ஆட்டுக் கொட்டாய் மேல போட்டுக் கட்டிட்டோம். வெயில்ல மூஞ்சியே பூடுச்சி. எங்கம்மா கீற மூலைய ஆடு வேற கடிச்சி வெச்சிக்கீது."

ஆக, அந்த முகம் பூமியில் இருப்பது இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும். வீராசாமி எதையும் கேட்காமல், "நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போனான். அந்த இரண்டு சொல்லுக்கு வசவே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாமி படத்துக்கு முன்னாலிருந்து உசுருக் குச்சியை எடுத்தாள். அதைச் செருகும் உலோக வாய் முழுக்க, வாரா வாரம் வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக இறுகிச் செங்கல் மாதிரி அடைத்திருந்தது. அவள் அதை வாணனிடம் நீட்டினாள்.

"நல்லதுக்குத்தானமா வெச்சேன்" என்றார் அவர். நிஜமாகவே நொந்து போயிருந்தார்.

"நானும்தான பாத்துக்கினு இருந்தேன். உடுங்கணா. வூட்டுக்குப் போயி ஹார்டு டிஸ்க்க எடுத்தாங்க."

வாணன் வண்டியை உதைத்தார். சுகிர்தா பிரிண்டர் முனையைத் துடைக்கும் சால்வென்டை மூடியில் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குச்சியின் வாயைத் தேய்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக வழிந்தது. ஊசியால் ஓரத்தைக் கிளறினாள். ரொம்பக் கிளறினால் உள்ளே இருக்கும் தகடு பிய்ந்துவிடும், கிளறாவிட்டால் ஒட்டாது. தேவைப்படல மேடம், தேவைப்படல மேடம் என்று அவள் குரலே காதில் ஓடியது. ஃபேன் காற்றில் காய விட்டு, செருகி, தொடக்கத்திலேயே கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பட்டியலில் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பெயர் மட்டும் வந்தது. குச்சி வரவில்லை. மறுபடி தேய்த்தாள். வரவில்லை. மூன்றாவது முறை செருகும்போது எங்கே செருகுகிறோம் என்று பார்த்தாள்: முன்பக்க ஓட்டை, எப்போதும் லொடலொடக்கும் ஓட்டை. பின்னால் கொண்டுபோய்ச் செருகினாள்.

பட்டியலில் இரண்டாவது வரி வந்தது.

எழுந்தது. மங்கலான நீலத்தில், பிரச்சினையைச் சரிசெய்யவா என்று கேட்டது. அவளுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள்.

வாணன் ஹார்டு டிஸ்க்கோடு திரும்பியபோது, கூடவே சின்னராசும் உள்ளே வந்தார். அம்மன் கோயில் தர்மகர்த்தா. ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம். தீமிதிக்கு மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தார்.

"வாணா, பேனரு இன்னா ஆச்சி? எல்லாம் வாட்சப்புல அனுப்பிட்டேன்ல?"

"ஆயிடும்ணா, இதோ" என்ற வாணன் சுகிர்தாவின் காதருகே குனிந்தார். "ஹார்டு டிஸ்க்குல கீற படத்த மேல போட்டுடு சுகி. மிஷினு எழுந்துரும்ல?"

"எழுந்துரும். ஆனா அது ஆயுதபூஜை சமயத்துல எடுத்த படம்ணா. போட்டா, டிஸ்க்குல அதுக்கு அப்பால வந்தது மொத்தமும் அழிஞ்சிரும். தை மாசம் எடுத்த மூஞ்சி அதுல இல்ல."

"அப்போ?"

"மொதல்ல உள்ள கீறத வெளிய எடுக்கணும். அப்பால படத்தப் போடணும். நேரம் ஆவும்."

வாணன் சின்னராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆதார் கார்டுல கீற போட்டோவ வெச்சி அடிச்சிரலாம்மா. எல்லாரும் அப்படித்தான அடிக்கறாங்க. இவரு திருவிழா ஆளு. பேஜாராயிடும்."

ஆதார் படத்தில் அம்முலு எப்படி இருப்பாள் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அதே முகம்தான் அந்த அட்டையில்: ஏதோ குற்றத்துக்குப் பிடித்து வந்து நிறுத்தியது போல. அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எதிர்த்துப் பேச வாய் திறந்தபோது, அழுகையோடு சேர்ந்து சத்தமாக வந்துவிட்டது.

"ண்ணா, அம்முலு அத்தை காலைலதான் செத்துப்போச்சு!"

சின்னராசு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். காப்புக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "டேய், காப்பு கட்டிக்கினு கீறேன்டா! சாவு வேல நடக்கிற எடத்துல ஒக்கார வெச்சிக்கீறியே!"

"தெரியாம..." என்று வாணன் இழுப்பதற்குள் அவர் செருப்பை மாட்டியிருந்தார். வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வேலய மொத்தமா முடிச்சி, கடைய கழுவி உட்டு, அப்பால என்னிதத் தொடு. கலந்து கிலந்து அடிச்சி வெக்காத. நான் நாளைக்கி வந்து வாங்கிக்கறேன்."

எந்த இரக்கமும் இல்லாமல் கிடைத்த அந்த அவகாசத்தைச் சுகிர்தா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

குச்சி எழுப்பிய அந்த நீலத் திரையில் ஃபோல்டர்களைத் திறந்து பார்க்க வழியில்லை. கறுப்புக் கட்டளைச் சாளரம் ஒன்று இருந்தது. அதில் நோட்பேடைத் திறந்து, அதன் 'ஓப்பன்' சாளரத்தின் வழியாக டிஸ்க்குக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று கல்லூரி லேபில் எப்போதோ ஒரு சீனியர் காட்டியது ஞாபகத்தில் இருந்தது. திறந்தாள். எப்போதும் 'முகம்' இருக்கும் டி டிரைவுக்குப் போனாள். 'முகம்' இல்லை. அங்கே விண்டோஸ் ஃபைல்கள் மட்டும் இருந்தன.

எல்லாம் போய்விட்டதா? எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. விண்டோஸ் இருக்க வேண்டியது சி டிரைவ் அல்லவா? குச்சியிலிருந்து எழுந்தால் எழுத்துகள் இடம் மாறி நிற்கும். ஈ என்பதைத் திறந்தாள். ஊர் ஊராக, 'முகம்'. தாமல், ராஜகுளம், மானாம்பதி... தன் ஊர்.

மொத்த ஃபோல்டரையும் நகலெடுத்து ஹார்டு டிஸ்க்கில் ஒட்டினாள். உடனே திரை அப்படியே உறைந்தது. எவ்வளவு ஆச்சு, எவ்வளவு பாக்கி என்று காட்டும் பச்சைக் கோடு கிடையாது. சுழலும் வட்டம் கிடையாது. அம்புக்குறிகூட அசையவில்லை.

"தொங்கிடுச்சி" என்றார் வாணன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"தொங்கல. ஓடுது."

"இன்னா ஓடுது? ஒண்ணும் ஆடல, அசையல."

சுகிர்தா ஹார்டு டிஸ்க்கின் ஓரத்தைக் காட்டினாள். சின்ன நீல விளக்கு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் சாட்சி. அது ஓடுகிற துடிப்பா, செத்துக்கொண்டிருக்கிற துடிப்பா என்று அவளுக்கும் நிச்சயமில்லை. கையைச் சுவிட்சுக்குப் போகவிடாமல் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கடைப் படியில் இருந்த வெயில் தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. வீராசாமி போனில் கேட்டான், "ஆச்சா?" அவள் "ஆவுது" என்றாள். அவர்கள் தெருவில் மேளம் அடிப்பது போனுக்குள் கேட்டது.

விளக்கு நின்றது. திரை உயிர் பெற்றது.

ஹார்டு டிஸ்க்கில் அம்முலுவின் ஃபைல் இருந்தது. பெயரும் அளவும் தெரிந்தன. திறந்து பார்க்க வழியில்லை. உள்ளே முகம் முழுசாக இருக்கிறதா, பாதியில் அறுந்ததா என்று படத்தைப் போட்டு மிஷினை எழுப்பினால்தான் தெரியும். ஆனால் படத்தைப் போட்டால் அசல் அழிந்துவிடும். திரை கேட்டது: இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் மாற்றி எழுதப்படும், தொடரலாமா?

"போடுமா" என்றார் வாணன், இந்தத் தடவை மெதுவாக.

அவளுடைய மூன்று வருஷப் படிப்பும் அந்தப் பட்டனுக்கு மேல் வந்து நின்றது. பாடத்தில் இருந்ததெல்லாம் எழுதிவிட்டாள், பாஸாகிவிட்டாள், எதையும் ஒரு தரம்கூட இப்படி நிஜமாக அழுத்திப் பார்த்ததில்லை. ஆம் என்று அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் எழுந்தபோது ஆயுதபூஜைக் காலத்துத் திரையோடு எழுந்தது. வாணன் அப்போது போட்டுவைத்திருந்த தீபாவளிச் சலுகை விளம்பரம் நடுவில் மின்னியது. இடையில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது, தை மாதக் கல்யாணம்கூட. சுகிர்தா ஹார்டு டிஸ்க்கைத் திறந்து ஃபைலைத் தட்டினாள். மெல்ல, மேலிருந்து கீழாக வந்தது: பறக்கும் முடி, நெற்றி, சுருங்கிய கண்கள், ஆட்டைப் பார்த்துச் சிரிக்கும் வாய், அதில் அந்த இடைவெளி.

வாணன் சத்தமில்லாமல் மூக்கை உறிஞ்சினார். "மால வெச்சுடுமா" என்று மட்டும் சொன்னார்.

*

பிணத்தைப் பாடையில் ஏற்றுவதற்குச் சற்று முன்னால் பேனர் தெருமுனைக் கம்பத்தில் ஏறியது. பறை நின்ற ஓர் இடைவெளியில் யாரோ ஒரு சித்தப்பன் முறைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இன்னாடா இது, சாவு போஸ்டர்ல பல்லக் காட்டிக்கினு? அதுவும் பொக்கப் பல்லோட. அடக்கமா ஒரு போட்டோ கெடைக்கலியா?"

சுகிர்தாவுக்குக் காது சுட்டது. வீராசாமி திரும்பிப் பார்த்தான். தோளில் ஈரத்துண்டு, கண்ணில் ரத்தம்.

"எங்கம்மா சிரிச்சா அப்படித்தான் சித்தப்பா இருக்கும். நீ பாத்ததில்ல. எப்பவும் மூடிக்கும்."

பறை மறுபடி தொடங்கியது. வீராசாமி சொன்னது சரிதான், அதனாலேயே சுகிர்தாவால் அங்கே நிற்க முடியவில்லை. ஆயுசு முழுக்க மூடி மூடி வைத்த ஒன்றைத் தான் எடுத்துக் கம்பத்தில் கட்டிவிட்டோமா? அம்முலுவைக் கேட்டால் என்ன சொல்வாள்? வைவாளா, திரும்பி வந்து இன்னொரு தரம் பார்ப்பாளா? அவள் அன்றைக்குத் திரும்பி வந்ததை நினைத்துக்கொண்டாள். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்பதும் தெரியவில்லை. "எம்பொண்ணு செஞ்சது" என்று அப்பா பக்கத்து ஆளிடம் கம்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் குரலில் கண்ணாடிக் கட்டடம் எதுவும் இல்லை.

சின்னராசின் பேனர் மறுநாள் கழுவிவிட்ட கடையில் அச்சானது. ஹார்டு டிஸ்க் பீரோவுக்குத் திரும்பவில்லை.

அடுத்த வாரம் சுகிர்தா புதிதாக ஒரு குச்சி செய்தாள். வாணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"இதுல வேணாம்ணா."

"ஒரு பொட்டு. சின்னதா."

அவள் குச்சியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவை நீட்டினாள். அவர் மூடிமேல் பொட்டு வைத்தார். இரண்டு பேருக்கும் திருப்தி. அப்புறம் அவள் குச்சியை வெளியே எடுத்துக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினாள்.

"இன்னா பண்ற? மிஷினு நல்லாதான ஓடுது!"

"அதான் இப்பவே பாக்கணும்."

வாணன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார், மாட்டினார், மறுபடி எடுத்தார். "என் கண்ணால பாக்க மாட்டேன். நான் டீக்கடைல கீறேன். முடிஞ்சதும் சொல்லு."

அவர் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைச் சுகிர்தா நிறுத்தினாள். திரை இருண்டது. காரணமே இல்லாத பயம், தானே வரவழைத்த பயம். பட்டனைத் தட்டினாள். பட்டியல் வந்தது. இரண்டாவது வரி. மங்கலான நீலம்.

டீக்கடையிலிருந்து வாணன் கத்தினார். "இன்னாமா, பொழச்சிதா?"

பிழைத்திருந்தது. ஆனாலும் ஒரு தரம் எழுந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

"இருங்கணா!" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, அணைத்து, முதலிலிருந்து இன்னொரு முறை ஆரம்பித்தாள்.